வாசகர், படிப்பவர், ஓதுவார்: ஒரே ஆளா, வெவ்வேறு ஆட்களா?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ‘ரீடர்’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழில் மட்டும் வாசகர், வாசிப்பவர், வாசிப்பாளர், படிப்பவர், படிப்பாளி, ஓதுவார் என்று நீள்கிறதே, இவை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானா? மொழிபெயர்க்கும்போது எந்த இடத்தில் எதைப் போடுவது? கூடவே ஒரு துணைக்கேள்வி: ஒலிநூல் கேட்பவரும் வாசகர்தானா?

ஒரே பொருள் இல்லை. நூலோடு உறவாடும் மனிதருக்குப் பெயர் வைத்தபோது, தமிழர்கள் அவர் கண்ணைவிட வாயைத்தான் அதிகம் கவனித்திருக்கிறார்கள். வாய் திறந்து சொல்கிறாரா, ராகத்தோடு சொல்கிறாரா, எதிரே யாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, தனக்காகப் படிக்கிறாரா என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ஆகவே இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றிப் போட்டால் பல இடங்களில் பொருள் கெட்டுவிடும்.

முதலில் வாசித்தல், படித்தல் என்ற இரண்டையும் பார்ப்போம். ‘நீதிபதி தீர்ப்பை வாசித்தார்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் இருந்தவர்கள் அதைக் காதால் கேட்டார்கள் என்று புரிகிறது. ‘வழக்கறிஞர் தீர்ப்பைப் படித்தார்’ என்றால் அவர் தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறார். நிதியமைச்சர் பட்ஜெட் உரையை வாசிக்கிறார். விழாவில் வாழ்த்து மடலை ஒருவர் வாசித்தளிக்கிறார். கோபத்தில் இருப்பவர் குறைகளைப் பட்டியல் வாசிக்கிறார். எல்லாவற்றிலும் சத்தம் இருக்கிறது, எதிரே கேட்கும் காதும் இருக்கிறது. வானொலியில் ‘ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த இடத்தில் ‘படிப்பது’ என்று வந்திருந்தால் காது ஏற்றிருக்காது. பேச்சு வழக்கில் இந்த எல்லை தளர்ந்து போயிருக்கிறது, ‘பேப்பர் படித்தேன்’, ‘பேப்பர் வாசித்தேன்’ இரண்டும் கேட்கிறோம். ஆனாலும் எழுதும்போது எல்லை தெரிந்திருப்பது நல்லது.

இதற்குக் காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ‘வாசி’ வடமொழியின் ‘வச்’ என்ற வேரிலிருந்து வருகிறது. வாக்கு, வாக்கியம், வாசகம் எல்லாம் அதே குடும்பம், பேச்சின் குடும்பம். திருவாசகம் என்றால் திருவாய்மொழிந்த சொற்கள். அதைப் பாடியவருக்கு மாணிக்கவாசகர் என்று பெயர். மாணிக்கம் போன்ற சொற்களைச் சொன்னவர் என்பதே அங்கே பொருள், மாணிக்கத்தை வாசித்தவர் என்பது அல்ல. அதாவது தமிழின் மிகப் புகழ்பெற்ற ‘வாசகர்’ நாம் இன்று சொல்லும் பொருளில் வாசகரே அல்லர், எதிர்ப்புறத்தில் நின்று சொன்னவர். இன்றும் சுவரொட்டி வாசகம், கல்வெட்டு வாசகம் என்கிறோமே, அங்கெல்லாம் வாசகம் என்பது எழுதப்பட்ட சொற்கள்தான். கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி வாசகம் என்று வரிசை உண்டு. மேடையில் ஏறி மறைநூல் பகுதியைச் சபைக்கு உரக்கச் சொல்பவரை அங்கே வாசகர் என்றே அழைக்கிறார்கள். பழைய பொருள் உயிரோடு இருக்கும் இடம் அது.

இசைக்கருவிக்கும் ‘வாசி’தான். வீணை வாசிக்கிறார், மிருதங்கம் வாசிக்கிறார், நாதஸ்வரம் வாசிக்கிறார். ‘நாயனம் ஊதினான்’ என்பதற்கும் ‘நாதஸ்வரம் வாசித்தார்’ என்பதற்கும் நடுவே எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது தமிழ் காதுள்ள எவருக்கும் தெரியும். கருவியைப் பேச வைப்பவர் என்ற எண்ணம் அந்த வினைக்குள் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மறுபக்கம், தென் மாவட்டங்களிலும் ஈழத்திலும் ‘ஒரு பாட்டுப் படி’ என்றால் பாடு என்று பொருள். ஆக, ‘படி’யும் ஒரு காலத்தில் வாயை விட்டு விலகியிருக்கவில்லை.

சத்தம் ஏன் இவ்வளவு முக்கியமாக இருந்தது என்று புரிய ஓர் ஓலைச் சுவடியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சுவடிகளில் பொதுவாகப் புள்ளி வைக்கமாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் பெரும்பாலும் அடையாளம் இல்லை. குறிலும் நெடிலும் எகர ஒகரங்களில் ஒரே வடிவம்: ‘பெறு’ என்றும் ‘பேறு’ என்றும், ‘கொடு’ என்றும் ‘கோடு’ என்றும் படிக்க எழுத்து ஒன்றுதான். மெய்யா உயிர்மெய்யா என்பதையும் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும். நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனிவடிவம் கொண்டுவந்த பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்குச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னால் ஓலையை வாசிப்பவர் பாட்டை ஏற்கனவே ஓரளவு அறிந்தவராக, யாப்பு தெரிந்தவராக இருந்தாக வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஓசை தட்டினால் திரும்பி வந்து வேறு விதமாகப் பிரித்து, அப்புறம்தான் அடுத்த வரி. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி இந்தச் சூழலில் பிறந்தது. இங்கே ‘படித்தவன்’ கல்வி பெற்றவன் அல்லன், ஏட்டைப் பார்த்துச் சபையில் சொன்னவன். அவன் தவறாகச் சொன்னால் பாட்டே தவறாகிவிடும் அளவுக்கு அதிகாரம் அவன் நாக்கில் இருந்தது.

அந்த வேலைக்கு ஊதியமும் இருந்தது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் நடக்கும் பாரதப் பிரசங்கத்துக்கு இவ்வளவு பழைய முன்னோடி உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் அய்யாவழி மக்கள் கார்த்திகை மாதத்தில் 17 நாள் திருஏடு வாசிப்பு, அதாவது தங்கள் புனித நூலான அகிலத்திரட்டின் வாசிப்பு, நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறைக்குப் புராண படனம் என்று பெயர். அதில் ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பவர் ஒருவர், பொருள் சொல்பவர் ஒருவர், கேட்பவர்கள் ஊர்முழுக்க. ஒரு புத்தகத்தோடு தனியே அமரும் மனிதர் இன்று தமக்குள் செய்துகொள்ளும் மூன்று வேலைகளை அங்கே மூன்று தரப்பு பிரித்துச் செய்கிறது.

இதைவிடத் தெளிவான சான்று இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒரு நூலின் பாயிரம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் பட்டியல் தருகிறது: ‘ஆக்கியோன் பெயரே வழியே எல்லை, நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே, கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்’. நூலால் பயன் பெறுபவரைப் பவணந்தி முனிவர் எந்தச் சொல்லால் குறிக்கிறார் பாருங்கள்: கேட்போர். படிப்போர் என்றோ வாசிப்போர் என்றோ இல்லை. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதுதான் நூல் போய்ச் சேரும் வழி. வள்ளுவர் கல்விக்கு அடுத்து, கல்லாமைக்குப் பிறகு, கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்ததும், ‘கற்றில னாயினும் கேட்க’ என்றதும் இந்த உலகத்துக்குள் நின்றுதான்.

இனி ஓதுதல். பழைய இலக்கியத்தில் கற்றலுக்கு மிக நெருக்கமான சொல் இதுவே. தொல்காப்பியம் தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களில் ஓதலை முதலில் வைக்கிறது, பிறகு பகையும் தூதும். ‘ஓதுவது ஒழியேல்’ என்கிறது ஆத்திசூடி. ‘ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்’ என்ற குறளில் ஓதுவது ஒரு படி, உணர்வது அடுத்த படி, பிறர்க்கு உரைப்பது மூன்றாவது. கன்னடத்தில் இந்தச் சொல் நேராக இன்றைய வாழ்க்கைக்குள் வந்துவிட்டது: அங்கே படிப்பது ‘ஓது’, வாசகர் ‘ஓதுக’. தமிழில் அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒதுங்கிவிட்டது. சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். தமிழ் முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுகிறார்கள், நபிகள் புகழ்பாடும் மௌலிது ஓதுகிறார்கள். இங்கே ‘குர்ஆன் படித்தார்’ என்று மொழிபெயர்ப்பவர் ஒருவர் எழுதினால் அது பிழை இல்லைதான், ஆனால் அந்த வீட்டுக்குள் போய் வராத எழுத்து என்பது உடனே தெரிந்துவிடும்.

மதச் சூழலில் சொல் இன்னும் நுட்பமாக மாறும். வைணவர்கள் திவ்வியப் பிரபந்தத்தைச் ‘சேவிப்பார்கள்’. ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும், அந்தப் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் சொல்லி நடப்பது அரையர் சேவை. திருவாசகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அமர்வில் சொல்வது முற்றோதல். கந்தர் சஷ்டி கவசத்தைத் தினமும் சொல்பவர் பாராயணம் செய்கிறார். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேரையும் உடன் வாசிக்க 2 பேரையும் அமர்த்திய கல்வெட்டு அவர்கள் வேலையைத் ‘திருப்பதியம் விண்ணப்பம் செய்தல்’ என்கிறது. கேட்பவர் இறைவன் என்பதால் அது விண்ணப்பம். கேட்பவர் யார் என்பதற்கேற்ப வினை மாறுகிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் பேச்சின் வேரிலிருந்து வந்த ‘வாசகர்’ எப்படி வாய் திறக்காமல் படிப்பவரின் பெயரானது? அச்சு வந்தது. புள்ளியும் இடைவெளியும் நிறுத்தற்குறியும் வந்தன. முன்னால் அறியாத ஒரு பக்கத்தையும் கண்ணாலேயே படித்துவிட முடிந்தது. 20ஆம் நூற்றாண்டில் வார, மாத இதழ்கள் பெருகியபோது, எழுதுபவர் தாம் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்களை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘வாசகர்’ அந்த இடத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. வாசகர் கடிதம், வாசகர் பக்கம், வாசகர் சந்திப்பு என்ற தொடர்கள் எல்லாம் பத்திரிகைகள் நிலைநிறுத்தியவை. 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் நடத்திய பதிப்பகத்தின் பெயரே வாசகர் வட்டம். பெண்பாலுக்கு வாசகி என்ற சொல்லும் இதழ்களில்தான் பழகியது.

இந்தப் பிறப்புக் காரணமாக ‘வாசகர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது உறவுச் சொல். எழுத்தாளர் ‘என் வாசகர்கள்’ என்பார், பத்திரிகை ‘நம் வாசகர்கள்’ என்னும். ‘என் படிப்பவர்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. படிப்பவருக்குப் புத்தகம் மட்டும் போதும். வாசகருக்கு எதிர்முனையில் ஓர் எழுத்தாளரோ இதழோ வேண்டும். ஆகவே ‘நூலகத்தில் பத்துப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பது இயல்பு, ‘நூலகத்தில் பத்து வாசகர்கள் இருந்தார்கள்’ என்பது நூலகர் எழுதும் அறிக்கையின் நடை. ரசிகருக்கும் வாசகருக்கும் உள்ள தூரமும் இங்கேதான். ரசிகர் ஆளையும் சேர்த்துக் கொண்டாடுவார், வாசகர் எழுத்தோடு சண்டையும் போடலாம். சிற்றிதழ்க்காரர்கள் தீவிர வாசகர், பொது வாசகர் என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வாரம் தவறாமல் தொடர்கதைக்குக் காத்திருந்தவரின் தீவிரம் யாருக்கும் குறைந்ததல்ல.

அச்சு வந்ததும் சத்தம் ஒரே நாளில் அடங்கிவிடவும் இல்லை. திராவிட இயக்கத்தார் தெருமுனைகளில் படிப்பகங்கள் திறந்தார்கள். ஈழத்து ஊர்களில் அதே இடத்துக்கு வாசிகசாலை என்று பெயர். 1942இல் தொடங்கிய தினத்தந்தியை தேநீர்க் கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பது தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகள் வழக்கமான காட்சி. அந்தக் கடையில் வாசிப்பவர் ஒருவர்தான், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தது பதினொரு பேருக்கு.

‘படி’யின் கதை வேறு. அது பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘என்ன படித்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பட்டத்தைச் சொல்கிறோம், நாவலின் பெயரைச் சொல்வதில்லை. படித்தவர் என்றால் கல்வி பெற்றவர். படிப்பாளி என்றால் பாடத்தில் கெட்டிக்காரர், சில இடங்களில் நிறைய நூல் அறிந்தவர். ‘படிக்காதவர்’ என்றால் பள்ளிக்கூடம் போகாதவர், ‘வாசிக்காதவர்’ என்றால் புத்தகம் தொடாதவர். படித்தவர்கள் பெருகியும் வாசிப்பவர்கள் பெருகவில்லை என்று நம் மேடைகளில் வருத்தப்படுகிறார்களே, இரண்டு வினைகளும் பிரிந்து நிற்பதால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் கிடைக்கிறது. இலங்கையில் இந்தப் பிரிவு இன்னும் கறாரானது: அங்கே பத்திரிகையை வாசிப்பார்கள், பள்ளியில் படிப்பார்கள். அக்டோபர் மாதம் அங்கே தேசிய வாசிப்பு மாதம். பக்கத்திலேயே சிங்களத்தில் ‘கியனவா’ என்றால் சொல்லுதல், ‘கியவனவா’ என்றால் வாசித்தல். சொல்வதிலிருந்தே வாசிப்பதற்குச் சொல் எடுத்தவர்கள் நாம் மட்டும் அல்ல என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். மலையாளத்தின் ‘வாயனக்காரன்’ என்ற சொல்லிலும் அதே வச் வேர்தான்.

அக்கம்பக்கச் சொற்களை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. தெலுங்கில் வாசகர் ‘பாடக்குடு’, இந்தியில் ‘பாடக்’. தமிழ்ப் ‘பாடகர்’ போலவே ஒலிக்கும், ஆனால் நம் பாடகர் பாடுபவர். தமிழுக்குள்ளேயும் ‘வாசி’ என்ற ஒலிக்குப் பல உறவினர்கள் உண்டு: அரைவாசி, முக்கால்வாசியில் அது பங்கு. கிராமவாசி, ஆதிவாசியில் அது வசிப்பவர். சித்தர் பாடல்களில் அது மூச்சு. இவற்றில் எதற்கும் வாசிப்போடு தொடர்பு இல்லை.

எப்படிப் படிக்கிறார் என்பதற்கும் தமிழில் வளமான சொற்கள் இருக்கின்றன. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் மாணவர் நெட்டுருப் போடுகிறார். அவசரக்காரர் புரட்டிப் பார்க்கிறார், அரைகுறையாய்த் தெரிந்துகொள்பவர் நுனிப்புல் மேய்கிறார். ஆழ்ந்து திரும்பத் திரும்பப் படிப்பதற்கு வள்ளுவர் பயன்படுத்திய ‘நவிலுதல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல்: ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’. அது வழக்கில் ‘நன்றி நவிலுதல்’ என்ற ஒரே மேடைத்தொடருக்குள் சுருங்கிப்போனது பெரிய இழப்பு. எந்நேரமும் படிப்பவரைப் புத்தகப்புழு என்பது ஆங்கில வழியாக வந்தது. நம் ஊரில் ஏட்டைத் துளைக்கும் நிஜப் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர், ஆனால் எவரையும் இராமபாணம் என்று அழைத்ததாக நான் கேட்டதில்லை. விமர்சன உலகில் ‘மறுவாசிப்பு’, ‘பெண்ணிய வாசிப்பு’ என்று வரும்போது வாசிப்பு என்பது பொருள்கொள்ளும் முறையைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்துப் பயன் சொல்பவரின் வேலையும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவருக்கு இனி நேரடியாக. நூலின் முன்னுரையில் வருபவர் வாசகர். தொலைக்காட்சியில் வருபவர் செய்தி வாசிப்பாளர். அச்சகத்தில் வேலை செய்பவர் தமிழ்நாட்டில் மெய்ப்புத் திருத்துநர் அல்லது பிழை திருத்துநர், இலங்கையில் ஒப்புநோக்காளர். வீட்டு வாசலில் மின்மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்பவர் மின்வாரியத்தின் கணக்கீட்டாளர். பல்கலைக்கழகப் பதவியாக வரும் ‘ரீடர்’, முன்பு அப்படியே வழங்கியது, இன்று இணைப்பேராசிரியர். கைரேகையையும் கடிகாரத்தையும் வரைபடத்தையும் தமிழர் படிப்பதில்லை, பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை வைத்து மனத்தை அறிவதற்குக் குறிப்பறிதல் என்ற அழகான சொல் இருக்கும்போது ‘முகத்தைப் படித்தான்’ என்று எழுத வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

ஒலிநூல் விஷயத்தில் என் கருத்து இது. அதைக் குரலில் தருபவரைத் தயங்காமல் வாசிப்பவர் என்றே சொல்லுங்கள், பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் அது பொருந்தும். கேட்பவரை வாசகர் என்பதில், எழுத்தாளரோடு அவருக்குள்ள உறவைக் கருதினால் தவறில்லை. ஆனால் வாசிப்பவரையும் அவரையும் ஒரே பத்தியில் குறிக்க வேண்டி வந்தால் குழப்பம் வரும். அங்கே நன்னூலின் கேட்போரை எடுத்துக்கொள்ளலாம். நூலின் பயனைப் பெறுபவருக்கு இலக்கணம் கொடுத்த பெயர் அது, ஒலிநூலின் அட்டையில் அச்சிட எந்த விளக்கமும் தேவைப்படாது.